ஃப்ரிட்ஜுக்குள் ஒரு பூந்தொட்டி

மே மாதம் வந்தால் கனடாவின் தலைநகர் ஆட்டவாவில் திரும்பின பக்கமெல்லாம் டூலிப் பூதான். இரண்டாம் உலகப் போரின்போது ஹாலந்து இளவரசி ஜூலியானா இங்கேதான் அடைக்கலம் இருந்தார். அதற்கு நன்றியாக 1945-ல் ஹாலந்திலிருந்து ஒரு லட்சம் கிழங்குகள் வந்து இறங்கின.

ஒரு லட்சம் பூக்கிற ஊரில் நமக்கு அஞ்சு பூக்காதா என்று, ஒன்பதாவது மாடி ஃப்ளாட்டில் நானும் ஒரு தொட்டி வைத்தேன். தப்பு சார்!

முதல் வருஷம், 'டூலிப்புக்குக் குளிர் வேணும்' என்று யாரோ சொன்னதைக் கேட்டுத் தொட்டியைப் பால்கனியிலேயே விட்டுவிட்டேன். தரையில் நட்ட கிழங்குக்கு பூமி கம்பளி மாதிரி. தொட்டிக்கு நாலு பக்கமும் குளிர். மைனஸ் 25-ல் மண் கருங்கல்லாகிவிட்டது. ஏப்ரலில் தோண்டினால், அஞ்சும் அழுகின வாழைப்பழமாக வந்தது.

இரண்டாம் வருஷம் ஃப்ரிட்ஜில் வைத்தேன். இலை ஜோராக வந்தது. பூ? ஊஹும். பக்கத்துத் தட்டில் ஒரு டஜன் ஆப்பிள். பழுக்கிற பழம் எதிலீன் என்று ஒரு வாயு விடும். அது பட்டால் கிழங்குக்குள்ளேயே மொட்டு செத்துவிடும். பிறகுதான் படித்தேன்.

மூன்றாம் வருஷம் அப்பா தவறிப்போனார். அம்மாவைத் தனியாக விட மனசில்லாமல் ஆறு மாசம் அழைத்து வந்தோம். அப்பா சாகிற வரை ஆபீஸ் விட்டு வரும்போதும், ரிட்டயரான பிறகு மார்க்கெட்டிலிருந்து வரும்போதும், அம்மாவுக்கு ஒரு முழம் பூ வாங்காமல் வந்ததில்லை. இங்கே அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து பனியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேச்சே இல்லை.

அக்டோபரில் புதுக் கிழங்கு வாங்கி சமையல் மேடையில் வைத்துவிட்டு முகம் கழுவப் போனேன். வந்து பார்த்தால், அம்மா ஒன்றை உரித்துக்கொண்டிருக்கிறாள்!

"ஏன்டா, இந்த ஊர் வெங்காயத்துக்கு வாசனையே இல்லியே?"

"அய்யோ அம்மா, சாப்பிட்டா வயித்தைப் புரட்டும்! ஹாலந்துல 1944-45 பஞ்சத்துல வேற வழியில்லாம தின்னாங்க."

"நல்ல வேளை, சாம்பார் கொதிக்கலே" என்றாள். அந்த வருஷம் அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

மிச்சம் நாலைத் தொட்டியில் நட்டு, ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்தேன். நாலு டிகிரி, இருட்டு, பதினைந்து வாரம். அந்தக் குளிரில்தான் கிழங்கு வேர் விடும். உள்ளே இருக்கிற ஸ்டார்ச் சர்க்கரையாகும். "ஆப்பிளுக்குத் தடையா? எனக்கும் தடை போடுங்களேன்" என்றாள் மனைவி. மாவுப் பாத்திரத்துக்கு இடமில்லாமல் இட்லியும் நின்றது.

அம்மா தினமும் திறந்து பார்ப்பாள். "பாவம், அதுக்குக் குளிராதா?"

"குளிர்ந்தாத்தாம்மா பூக்கும்."

அம்மா பதில் சொல்லவில்லை. ஆனால் மண் காய்ந்தால் ஒரு கரண்டித் தண்ணீர் விடுவது அவள் வேலையாகிவிட்டது.

ஜனவரி கடைசியில் தொட்டியின் ஓட்டை வழியே வெள்ளை வேர் எட்டிப் பார்த்தது. வெளியே எடுத்து, ஹீட்டருக்குத் தள்ளி, வெளிச்சமான ஜன்னலில் வைத்தோம். பிப்ரவரி நாலாவது வாரம். வெளியே ஒரே பனி. உள்ளே ஒரு சிவப்பு டூலிப்!

கேமராவை எடுத்து வருவதற்குள் பூவைக் காணோம். காம்பு மட்டும் நிற்கிறது. மூன்று வருஷ உழைப்பு சார்! கத்த வாயைத் திறந்தேன். மனைவி நறுக்கென்று கிள்ளினாள்.

அப்பா போட்டோவின் மேல் பூ.

"இத்தனை வருஷம் அவர்தானே எனக்கு வாங்கிட்டு வந்தார்" என்றாள் அம்மா.

நான் வாயை மூடிக்கொண்டேன். மிச்சம் மூணு மொட்டு இருந்தது. மார்ச்சில் அம்மா ஊருக்குக் கிளம்புவதற்குள் அதுவும் ஒவ்வொன்றாக அங்கேதான் போயிற்று. போட்டோ ஒன்றுகூட எடுக்கவில்லை.

இந்த அக்டோபரிலும் கிழங்கு வாங்கிவிட்டேன். ஆப்பிள் இனி அடுத்த வருஷம்தான்.