எட்டுக் கரட்டுச் சோடி

பழைய கஃப் லிங்க் மேசைக்கு வந்தால் முகப்பை நான் கடைசியாகத்தான் பார்ப்பேன். முதலில் திருப்பிப் போட்டு, இரண்டு முகப்பையும் சேர்க்கும் கண்ணிகளைப் பூதக்கண்ணாடியில் பார்க்க வேண்டும். ஒன்றோடொன்று உரசும் உள்வளைவு தேய்ந்து நூலாகியிருக்கும், வெளிப்பக்கம் தடிப்புக் குறையாமல் இருக்கும். அப்படியென்றால் யாரோ உண்மையிலேயே அணிந்த சோடி. முகப்பு கிழடாகவும் கண்ணி குமராகவும் இருந்தால் யாரோ கை வைத்திருக்கிறார்கள். விலையைக் குறைத்துத்தான் கேட்பேன்.

நான் இருக்கும் ஜேர்மன் நகரமான பீலெஃபெல்ட் சட்டைக்கார ஊர். லினன் நெசவு, அதன்பின் 1850களில் ராவன்ஸ்பெர்கர் நூற்பாலை, 1867இல் டியூர்கோப் தையல் இயந்திரம், 1919இல் சைடன்ஸ்டிக்கர் சட்டைக் கம்பனி என்று துணியோடு வளர்ந்தது. விக்டோரியா வீதியில் ஒரு பழைய தையல் தொழிற்சாலையை இயந்திரங்களோடு அப்படியே அருங்காட்சியகம் ஆக்கி வைத்திருக்கிறார்கள். அந்தக் காலத்துக் கைமடிப்பு கஞ்சியில் விறைத்து அட்டை போல நிற்கும். சாதாரணப் பொத்தான் அதற்குச் சரிவராது. துளைகளுக்கு ஊடாகக் கண்ணியைச் செலுத்தி இரு பக்கமும் பிடிக்க வேண்டும். பழைய சோடிகளில் முகப்பின் உட்பக்க விளிம்பு மழுங்கியிருப்பதும் அந்தக் கஞ்சியின் வேலைதான்.

பின்பக்கத்தில் பெரும்பாலும் 333 அல்லது 585 என்று எண் இருக்கும். 1884இல் இயற்றப்பட்டு 1888இல் நடைமுறைக்கு வந்த ஜேர்மன் முத்திரைச் சட்டத்தின்படி, நகையில் எந்த மாற்றையும் எண்ணாக அடிக்கலாம். 333 என்றால் ஆயிரத்தில் 333 பங்கு தங்கம், அதாவது எட்டுக் கரட். யாழ்ப்பாணத்து நகைத்தெருவான கன்னாதிட்டியில் 22 கரட்டோடு வளர்ந்த கைக்கு முதலில் அது அருவருப்பாகத்தான் இருந்தது. உரைகல்லில் அதன் கீறல் மங்கலாக விழும், நைட்ரிக் அமிலம் பட்டதும் காணாமல் போகும். ஆறு கிராம் சோடியை உருக்கினால் தேறும் சுத்தத் தங்கம் இரண்டு கிராம். எடைக்கு வாங்குகிறவர்கள் அந்தக் கணக்கோடு நிறுத்திவிடுகிறார்கள். முகப்பில் இயந்திரத்தால் இழைத்த அலைகோடும் மேலே எனாமலும் இருந்தால், அதைப் புதிதாகச் செய்யும் கூலி அந்த இரண்டு கிராமை விழுங்கிவிடும். தங்கம் குறைவு, வேலை அதிகம். பழைய சோடியை விற்கும்போது நான் வேலைக்குத்தான் விலை சொல்கிறேன்.

பழுது பார்ப்பதில்தான் பொறுமை வேண்டும். முன்பு யாராவது ஈயப்பற்று வைத்திருந்தால் கண்ணிக்குப் பக்கத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு திட்டுத் தெரியும். அதைச் சுரண்டி முற்றாக எடுக்காமல் தீக் காட்டினால் ஈயம் தங்கத்துக்குள் இறங்கி அரித்துவிடும், குழி விழும். எனாமலுக்கு அருகே வெண்காரமும் பற்றுப்பொடியும் வைத்து ஊதுவது இன்னும் ஆபத்து, எனாமல் வெடிக்கும். அதனால் அறுந்த கண்ணியைத் தனியாகக் கழற்றி வெளியே பற்றவைத்துவிட்டு, கடைசி வளையத்தை மட்டும் குறட்டால் மூடுவேன். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பரவிய சுழல்தண்டு வகையில் உள்ளே எஃகு வில் இருக்கும். அதைக் கழற்றாமல் சூடாக்கினால் வில்லின் விறைப்பு போய்விடும்.

மெருகு போடுவதில் எனக்கும் வாடிக்கையாளருக்கும் எப்போதும் இழுபறி. புதுசு போல மின்ன வேண்டும் என்பார்கள். சக்கரத்தில் பிடித்தால் அலைகோடு போகும், பின்னாலுள்ள எண்ணும் போகும். சவர்க்காரமும் மென்மையான தூரிகையும் போதும் என்று சொல்லி அனுப்புகிறேன்.

இப்போது எங்கள் பிள்ளைகளும் கலியாண வரவேற்புக்குக் கோட் போடுகிறார்கள். ஒரு மாப்பிள்ளைத் தம்பி 333 சோடி ஒன்றை ஆசையாக எடுத்தார். தாய் எண்ணைப் பார்த்துவிட்டு, "இதென்ன தம்பி, பவுனோ பித்தளையோ?" என்றார். 22 கரட்டில் புதிதாகச் செய்து தாருங்கள் என்பது அவர் கட்டளை. செய்யலாம். ஆனால் 22 கரட் கண்ணி மெது. நெளியும், சீக்கிரம் தேயும். இந்த எட்டுக் கரட் இவ்வளவு காலம் தாங்கியதே செம்பும் வெள்ளியும் கலந்த கடினத்தால்தான். முகப்பை 22இல் வைத்துக் கண்ணியை மட்டும் 14இல் போடுவோம் என்றேன். கலப்படம் வேண்டாம் என்கிறார். தம்பி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்க்கிறார். முற்பணம் இன்னும் வரவில்லை.