சான்றிதழ் இல்லாத சனிக்கிழமைகள்

எங்கள் வீட்டு வரவேற்பறைக் கண்ணாடி அலமாரியின் கீழ்த்தட்டில் தடித்த நீல நிறக் கோப்பு ஒன்று இருக்கிறது. அது அம்மாவின் கோப்பு. கிள்ளானில் ஒரு தமிழ்ப்பள்ளியில் கணிதமும் அறிவியலும் போதிக்கும் அம்மா, தாம் கலந்துகொண்ட ஒவ்வொரு பயிற்சியின் சான்றிதழையும் அதில் சேர்த்து வைத்திருக்கிறார். அடுத்த ஆண்டு அவர் பணி ஓய்வு பெறுகிறார். கடந்த பள்ளி விடுமுறையில் அந்தக் கோப்பை என் கையில் கொடுத்து, "வேணுங்கிறத மட்டும் வச்சிட்டு மத்தத எடுத்துப் போட்டுரும்மா" என்றார். எண்ணிப் பார்த்தேன். மொத்தம் 63 சான்றிதழ்கள்.

வேறொரு நேரமாக இருந்திருந்தால் பத்து நிமிடத்தில் வேலையை முடித்திருப்பேன். ஆனால், அதற்கு இரண்டு வாரங்களுக்கு முன்பு பிரிக்பீல்ட்ஸில் நடந்த ஒரு சம்பவம் என்னை உறுத்திக்கொண்டிருந்தது.

பேரவைத் தோழர்கள் சிலர் சேர்ந்து சனிக்கிழமை தோறும் பிரிக்பீல்ட்ஸில் ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு இலவச வகுப்பு நடத்துகிறோம். கிள்ளானில் கொமுட்டர் ஏறி, கே.எல். சென்ட்ரலில் இறங்கி, துன் சம்பந்தன் சாலை வழியாக நடந்து போவேன். பல்கலைக்கழகத்தில் நான் கணிதம் படிப்பதால், கணித வகுப்பு என் தலையில் விழுந்தது. அன்று பின்னங்களை வகுத்தல். வெண்பலகையில் இரண்டே கால் வகுத்தல் அரை என்று எழுதினேன். "இரண்டாவது பின்னத்தைத் தலைகீழாக்கிப் பெருக்க வேண்டும், அவ்வளவுதான்" என்றேன். நான்கரை என்று விடையும் வந்தது. முன் வரிசையில் இருந்த ஒரு சிறுமி கையைத் தூக்கினாள்.

"ஏன்க்கா தலைகீழாக்கணும்? வகுத்தா குறையத்தானே செய்யணும், இது ஏன் கூடிருச்சு?"

எனக்குப் பதில் தெரியவில்லை. "அதுதான் விதி" என்று சொல்லிச் சமாளித்தேன். அவள் தலையாட்டிவிட்டு எழுதத் தொடங்கினாள். அந்தத் தலையாட்டலைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. மூன்று ஆண்டுகளாகப் பல்கலைக்கழகத்தில் கணிதம் படிக்கும் எனக்கு, பதினொரு வயதுச் சிறுமியின் கேள்விக்கு விடை சொல்ல வரவில்லை. பட்டம் பெற்றதும் கல்வியியல் டிப்ளோமாவுக்கு விண்ணப்பித்து ஆசிரியராகலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த என் மனத்தில் அன்று ஐயம் புகுந்தது.

இந்த நிலையில்தான் அம்மாவின் கோப்பைத் திறந்தேன். இருபதாண்டு கால மலேசியக் கல்வி வரலாறு அதில் அடுக்கி வைக்கப்பட்டிருந்தது.

2003-ஆம் ஆண்டு ஜனவரியில் நாட்டின் எல்லாப் பள்ளிகளிலும் முதலாம் ஆண்டில் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் போதிக்கப்பட வேண்டும் என்ற திட்டம் தொடங்கியது. நான் பிறந்ததும் அதே ஆண்டில்தான். தமிழிலும் மலாயிலும் பயிற்சி பெற்றிருந்த அம்மா, 'ஈடெம்ஸ்' என்ற ஆங்கிலப் பயிற்சிக்கு அனுப்பப்பட்டார். ஆசிரியர்களுக்கு மடிக்கணினியும் எல்.சி.டி. புரொஜெக்டரும் பாட வட்டுகளும் வழங்கப்பட்டன. பிறகு 2009 ஜூலையில் அத்திட்டம் கைவிடப்படும் என்ற அறிவிப்பு வந்தது. 2011-இல் முதலாம் ஆண்டுக்குப் புதிய கலைத்திட்டம் வந்தபோது கணிதமும் அறிவியலும் மீண்டும் தமிழுக்குத் திரும்பின. அதற்கும் ஒரு சான்றிதழ். அடுத்து உயர்நிலைச் சிந்தனைத் திறன், அதற்கடுத்து ஐ-திங்க் சிந்தனை வரைபடங்கள், அப்புறம் ஃபுரோக் என்ற மெய்நிகர் கற்றல் தளம். இந்தத் தளம் 2019-இல் நிறுத்தப்பட்டது. 2020-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டின்போது இணையவழிக் கற்பித்தலுக்காக மட்டும் நான்கு சான்றிதழ்கள்.

பயிற்சி வாய்ப்பே இல்லை என்று நம் ஆசிரியர்கள் சொல்ல முடியாது. அரசு ஊழியர் ஒவ்வொருவரும் ஆண்டுக்குக் குறைந்தது 7 நாள் பயிற்சி பெற வேண்டும் என்பது 2005-இல் வந்த விதி. பள்ளியிலேயே நடக்கும் 'லாடாப்' பயிற்சியை அறியாத ஆசிரியர் இல்லை. ஆனால், புதிய கலைத்திட்டப் பயிற்சிகள் பெரும்பாலும் அடுக்கு முறையில் நடக்கின்றன. தேசிய நிலையில் தலைமைப் பயிற்றுநர்கள் பயிற்சி பெறுவார்கள். அவர்கள் மாநிலத்துக்கும், மாநிலத்தார் மாவட்டத்துக்கும், மாவட்டத்தார் பள்ளிக்கும் கொண்டு வருவார்கள். கை மாறி வரும் வாளித் தண்ணீர் போல வழியெல்லாம் சிந்தி, வகுப்பறைக்கு வரும்போது வாளியின் அடியில்தான் கொஞ்சம் மிஞ்சும்.

கோப்பைப் புரட்டிக்கொண்டே வந்தவள் 2013-ஆம் ஆண்டில் நின்றுவிட்டேன். அந்த ஆண்டு நான் நான்காம் ஆண்டில் இருந்தேன். எங்களுக்குக் கணிதமும் அறிவியலும் போதித்தவர் என் அம்மா.

ஆங்கிலத்தில் தொடங்கிய அணிகளில் 2010-இல் பள்ளி சென்ற எங்கள் அணியே கடைசி. எங்கள் பள்ளியில் நாங்கள் ஆங்கிலத்திலேயே தொடர்ந்தோம். எங்களுக்கு ஓராண்டு இளையவர்களோ தமிழில் படித்தார்கள். ஆகவே அம்மா காலை எட்டரைக்கு மூன்றாம் ஆண்டு வகுப்பில் பின்னம், தொகுதி, பகுதி என்று தமிழில் சொல்லிக் கொடுத்துவிட்டு, மணி அடித்ததும் எங்கள் வகுப்புக்கு வந்து அவற்றையே ஆங்கிலத்தில் தொடங்குவார். எட்டு ஆண்டுகளாகப் பயன்படுத்தாமல் விட்ட தமிழ்ச் சொற்களைத் திரும்பக் கற்றுக்கொண்டதும், முழுதாகக் கைவராத ஆங்கிலத்தை விடாமல் பிடித்துக்கொண்டதும் ஒரே மாதத்தில்.

ஒரு நாள் அறிவியல் வகுப்பில் குளிர்ந்த நீர் நிறைந்த கண்ணாடிக் குவளையைக் காட்டினார். வெளிப்புறத்தில் துளித்துளியாக நீர். அதை ஆங்கிலத்தில் விளக்க முயன்று, "தி கிளாஸ் இஸ் ஸ்வெட்டிங்" என்றார். கண்ணாடி வியர்க்கிறது என்று தமிழில் நினைத்து அப்படியே ஆங்கிலத்தில் சொல்லிவிட்டார். பின்னால் இருந்த ஒருவன் அதே குரலில் திருப்பிச் சொன்னான். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். நான் டீச்சரின் மகள் என்பது எல்லாருக்கும் தெரியும். சிரிக்காமல் இருந்தால் அடுத்து என்னைக் கேலி செய்வார்கள் என்ற பயம். எப்படிச் சொன்னாலும் நான் சிரித்தது சிரித்ததுதான். இன்று வரை அதைப் பற்றி நாங்கள் பேசியதே இல்லை.

அன்றிரவு கோப்பை மூடிவிட்டு அடுப்படிக்குப் போனேன். அம்மா தோசை மாவை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். முதலில் அந்தச் சிறுமியின் கேள்வியைக் கேட்டேன். அம்மா திரும்பிக்கூடப் பார்க்காமல் ஒரு கப்பை என் முன் வைத்தார்.

"இரண்டே கால் கப் மாவு இருக்கு. ஒரு தோசைக்கு அரை கப். எத்தனை தோசை வரும்? முதல்ல ஒரு கப்புல எத்தனை அரை கப் இருக்குன்னு சொல்லு."

"இரண்டு."

"அப்ப இரண்டே கால் கப்புல? இரண்டே கால் தடவை இரண்டு. அதனாலதான் இரண்டால பெருக்கறோம். தலைகீழாக்கறதுன்னா அதுதான். பங்கு சின்னதா இருந்தா எண்ணிக்கை கூடத்தானே செய்யும்?"

நான் வாயடைத்து நின்றேன். அம்மா விடவில்லை. "நாலு தோசை ஊத்தின பிறகு கால் கப் மிஞ்சும். நிறையப் பிள்ளைங்க நாலே கால்னு எழுதிடும். மிஞ்சினது கால் கப், ஆனா அது அரைத் தோசை. இதை முன்கூட்டியே தெரிஞ்சுக்கிட்டுத்தான் வகுப்புக்குள்ள போகணும்" என்றார்.

"இது எந்தச் சான்றிதழில்மா வருது?" என்று கேட்டேன். அம்மா சிரித்தார். "அதுக்குச் சான்றிதழ் இல்ல. அது சனிக்கிழமை."

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. அந்த ஆண்டுகளில் மாதம் இரண்டு சனிக்கிழமை அம்மாவோடு வேலை செய்த இரண்டு ஆசிரியைகள் எங்கள் வீட்டுக்கு வருவார்கள். தெங்கு கிளானா சாலையில் வாங்கிய வடையும் தே ஓவுமாகச் சாப்பாட்டு மேசையில் மூன்று மணி நேரம் பேசுவார்கள். ஊர்க் கதை பேசுகிறார்கள் என்றே நான் நினைத்திருந்தேன். அவர்களில் ஒருவர் பினாங்கில் உள்ள ரெக்சாம் மையத்தில் ஒரு பயிற்சிக்குப் போய் வந்தவராம். தென்கிழக்காசிய நாடுகளின் கணித, அறிவியல் ஆசிரியர்களுக்காக 1967-இல் அமைக்கப்பட்ட மையம் அது. ஜப்பானிய ஆசிரியர்கள் நெடுங்காலமாகச் செய்துவரும் 'பாட ஆய்வு' முறையை அவர் அங்கே அறிந்து வந்திருக்கிறார். முறை எளிமையானது. மூவரும் ஒரே ஒரு பாடத்தை எடுத்துக்கொள்வார்கள். மாணவர் எங்கே தவறுவார்கள் என்று ஊகிப்பார்கள். ஒருவர் போதிப்பார். பாடவேளை இல்லாத மற்றவர் வகுப்பின் பின்னால் உட்கார்ந்து ஆசிரியரைப் பார்க்காமல் பிள்ளைகளைப் பார்ப்பார். அடுத்த சனிக்கிழமை பாடத்தைத் திருத்துவார்கள். அதன் பிறகு இன்னொருவர் தம் வகுப்பில் அதைப் போதிப்பார்.

"2003-ல எல்லாரும் என் இங்கிலீஷைத்தான் பார்த்தாங்க. 2011-ல என் தமிழைப் பார்த்தாங்க. அப்புறம் என் கம்ப்யூட்டரைப் பார்த்தாங்க. என் கணக்கைப் பார்த்தவங்க அந்த ரெண்டு பேருதான்" என்றார் அம்மா.

அதற்கு மேல் என்னால் மறைக்க முடியவில்லை. குவளை வியர்த்த அந்த நாளைப் பற்றிச் சொன்னேன். நானும் சிரித்தேன் என்று சொன்னேன். அம்மா மாவுப் பாத்திரத்தை மூடி வைத்தார்.

"தெரியும். மூணாவது வரிசையில உட்கார்ந்திருந்த. இங்கிலீஷ் தப்புன்னு சிரிச்சீங்க, அது போகட்டும். ஆனா வியர்க்குதுன்னு சொன்னதால தண்ணி கண்ணாடிக்குள்ள இருந்து கசியுதுன்னு பாதிப் பேர் நோட்டுல எழுதியிருந்தீங்க. அதுதான்மா அன்னைக்கு எனக்குத் தூக்கம் வரலை."

அந்த வாரச் சனிக்கிழமை அவர்கள் மூவரும் பேசியது அதைத்தான். மறு வாரம் அம்மா ரோஜா சிராப் கலந்த சிவப்புத் தண்ணீரில் ஐஸ் போட்டுக் கொண்டு வந்தார். குவளையின் வெளியே படிந்த துளிகளை வெள்ளைத் தாளால் துடைக்கச் சொன்னார். தாளில் சிவப்பே இல்லை. அப்படியென்றால் அந்த நீர் எங்கிருந்து வந்தது? காற்றிலிருந்து என்று நாங்களே கண்டுபிடித்துக் கத்தினோம். அந்தப் பாடத்தை நான் இன்றும் மறக்கவில்லை. அது நான் சிரித்த சிரிப்பிலிருந்து பிறந்த பாடம் என்பது மட்டும் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்தே எனக்குத் தெரிந்தது.

பிறகு நூலகத்தில் தேடியபோது லிப்பிங் மா என்ற ஆய்வாளர் 1999-இல் வெளியிட்ட நூலைப் படித்தேன். தொடக்கப்பள்ளி ஆசிரியர்களிடம் அவர் ஒன்றே முக்காலை அரையால் வகுக்கச் சொல்லி, அதற்கு ஒரு கதைக் கணக்கும் கேட்டிருக்கிறார். அமெரிக்க ஆசிரியர் 23 பேரில் 9 பேருக்கே முழுமையான விடை கிடைத்தது; பொருத்தமான கதை சொன்னவர் ஒருவர். சீன ஆசிரியர் 72 பேருக்கும் விடை கிடைத்தது. 65 பேர் கதை சொன்னார்கள். இத்தனைக்கும் சீன ஆசிரியர்கள் படித்த ஆண்டுகள் குறைவு. ஆனால், அவர்கள் வேலையில் சேர்ந்த பிறகு பள்ளியிலேயே சக ஆசிரியர்களோடு குழுவாக அமர்ந்து பாடநூலை அலசுகிறார்கள். எங்கள் சாப்பாட்டு மேசையில் நடந்ததும் அதுதானே!

டிம்ஸ் என்னும் அனைத்துலக ஆய்வில் நம் நாட்டு இரண்டாம் படிவ மாணவர்களின் கணிதப் புள்ளி 1999-இல் 519 ஆக இருந்து 2011-இல் 440-க்கு இறங்கியது. மொழி மாற்றம் மட்டுமே அதற்குக் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. எந்த மொழியில் போதிப்பது என்று நாம் பல ஆண்டுகள் விவாதித்தோம். தமிழ்ப்பள்ளியின் தமிழுக்காகக் குரல் கொடுத்தவர்களை நான் மதிக்கிறேன். அது தேவையான குரல். ஆனால், அந்த விவாதத்தின் இரைச்சலில், ஆசிரியர் தம் பாடத்தையே ஆழமாகக் கற்க ஓர் இடமும் நேரமும் வேண்டும் என்பதை மறந்துவிட்டோம். ஆசிரியர் தெரியாததைத் தெரியாது என்று சொல்லிக் கூச்சமின்றி மாணவராக உட்காரக்கூடிய இடம் அது. அம்மாவுக்கு அது ஒரு சாப்பாட்டு மேசையாக வாய்த்தது. மேசை வாய்க்காத ஆசிரியர்கள் எத்தனை பேரோ?

சென்ற மாதம் அம்மா என்னோடு கொமுட்டரில் பிரிக்பீல்ட்ஸுக்கு வந்தார். இப்போது எங்கள் வகுப்பு தொடங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பே தன்னார்வலர்கள் ஆறு பேரும் கூடுகிறோம். அன்றைய பாடம் ஒன்றே ஒன்று. பிள்ளைகள் எங்கே தவறுவார்கள் என்பதே பேச்சு. முதல் நாள் அம்மா எங்களிடம், "ஒரு கப்புல எத்தனை முக்கால் கப் இருக்கு?" என்று கேட்டார். பொறியியல் மாணவர் இருவர் உட்பட அறுவரும் விழித்தோம். யாரும் யாரையும் பார்த்துச் சிரிக்கவில்லை.

வகுப்பில் அந்தச் சிறுமியை அழைத்து, "போன தடவை நான் சரியாகச் சொல்லவில்லை" என்று ஒப்புக்கொண்டு, கப்பையும் மாவையும் அவள் முன் வைத்தேன். இம்முறை அவள் தலையாட்டவில்லை. "அப்ப மூணுல ஒரு கப்புன்னா மூணால பெருக்கணுமா?" என்று அடுத்த கேள்வி கேட்டாள்.

பேரவையின் முன்னாள் உறுப்பினர்கள் பலர் இன்று தமிழ்ப்பள்ளிகளிலும் இடைநிலைப்பள்ளிகளிலும் கணிதம், அறிவியல் ஆசிரியர்களாக இருக்கிறீர்கள். உங்கள் சனிக்கிழமைகளில் ஒன்றை எங்களுக்குத் தாருங்கள். சான்றிதழ் தர எங்களால் முடியாது. தே ஓவும் வடையும் நிச்சயம் உண்டு.

அம்மாவின் கோப்பிலிருந்து நான் எதையும் எறியவில்லை. 63 சான்றிதழ்களையும் வரிசையாக அடுக்கி, அதே தட்டில் வைத்துவிட்டேன். கல்வியியல் டிப்ளோமாவுக்கான விண்ணப்பத்தை இந்த வாரம் நிரப்பத் தொடங்கியிருக்கிறேன்.