இரும்புக்கைக்கு உசிர் இல்லை

எங்கள் கரைக்கு ரயில் வந்ததே இல்லை. தண்டவாளம் மட்டக்களப்போடு முடிந்துவிடும். ஆனால் சாய்ந்தமருதில் சிறுவனாக இருந்தபோது நான் ஓரளவு உருப்படியாகக் கீறிய முதல் சாமான் ஒரு ரயில் எஞ்சின்தான். புகை, சக்கரம், பக்கத்தில் குதிரை மேல் காமிக்ஸ் வீரர் டெக்ஸ் வில்லர். வீட்டுக்குப் பின்னால் மணலில் கரைவலைத் தோணி இழுத்துப் போட்டுக் கிடந்தது. அதைக் கீறலாம் என்று ஒருநாளும் தோன்றவில்லை.

படக்கதை கீறப் பழகுகிறவன் எந்தப் படக்கதைகளை வாசிக்கவேண்டும் என்று இப்போது பிள்ளைகள் கேட்கிறார்கள். 1980களில் எங்களுக்கு அப்படியொரு கேள்வியே கிடையாது. வந்ததை வாசித்தோம். 1970களில் சிறிமாவோ அரசு இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியிருந்தது. 1977க்குப் பிறகு அது தளர்ந்தது. சிவகாசியில் 1972இல் தொடங்கிய முத்து காமிக்ஸ், 1984இல் தொடங்கிய லயன், அதே ஆண்டு சென்னையிலிருந்து கிளம்பிய ராணி காமிக்ஸ் எல்லாம் கொழும்பைச் சுற்றிக்கொண்டு கல்முனைக்கு வந்து, கடை வாசலில் கயிற்றில் தொங்கும். எந்த இதழ் வரும், எது வராது என்பது கடைக்காரருக்கே தெரியாது. 'அடுத்த இதழில்' என்று ஆசை காட்டிய கதை அடுத்த இதழோடு கடலுக்கு அப்பாலேயே நின்றுவிடும்.

கையில் ஒரு புத்தகத்துக்குத்தான் காசு இருக்கும், கயிற்றில் இரண்டு தொங்கும். அங்கேதான் தெரிவு தொடங்கியது. அட்டையை நம்பக்கூடாது என்பதை வெகு விரைவில் படித்துக்கொண்டேன். அட்டையை ஒருவர் கீறியிருப்பார், உள்ளே வேறொருவர். கடைக்காரர் வெற்றிலை துப்ப எழும்பும் நேரத்தில் நடுப்பக்கத்தை விரித்துப் பார்க்கவேண்டும். இரவுக் காட்சி இருந்தால் நல்லது. கறுப்பை எப்படி வைத்திருக்கிறார் என்று அதில் தெரியும்.

உள்ளே கீறியவரின் பெயர் பெரும்பாலும் இராது. அம்புலிமாமாவில் வேதாளத்தைத் தோளில் போட்டு நடக்கும் விக்கிரமாதித்தனை யார் கீறியது என்றால் சங்கர் என்று சொல்லலாம். காமிக்ஸில் அந்த வசதி இல்லை. ஆகவே நானும் பாண்டிருப்பிலிருந்த என் கூட்டாளியும் அந்தக் கைகளுக்கு நாங்களே பெயர் வைத்தோம். ஸ்பைடர் கதையைக் கீறியவர் 'முடிக்கோட்டார்'. முகத்தின் நிழலைக்கூட மயிர் மயிராகக் கோடிழுத்து நிரப்புவார். இரும்புக்கை மாயாவியைக் கீறியவர் 'இருட்டார்'. மூலையில் ஒரு விளக்கை வைத்துவிட்டு மிச்ச அறையை மையில் மூழ்கடித்துவிடுவார். அந்த இருட்டுக்குள்ளும் நாற்காலி எங்கே, கதவு எங்கே என்று தெரியும். கறுப்பு மையை விளக்குத் திரியால் தொட்டு நானும் முயன்றேன். எனக்கு இருட்டு மட்டும்தான் வந்தது.

முடிக்கோட்டார் ரெக் பன் என்ற ஆங்கிலேயர் என்பதும், இருட்டார் பார்சலோனாக்காரரான ஜேசு பிளாஸ்கோ என்பதும், 1962இலிருந்து லண்டன் 'வேலியன்ட்' வார இதழுக்காக அவர் கீறிய பக்கங்களே சிவகாசி வழியாக எங்களிடம் வந்தன என்பதும் வளர்ந்த பிறகு தெரிந்தவை. முழுப் பெயர் தெரிந்தபிறகும் எனக்கு அவர் இருட்டார்தான்.

வீட்டில் சிக்கல் வேறு விதமாக இருந்தது. உருவப்படம் இருக்கிற வீட்டுக்குள் வானவர்களான மலக்குமார் வரமாட்டார்கள் என்பது உம்மாவின் பயம். கொப்பியை மூடி லாச்சிக்குள் வைத்தால் கண்டும் காணாததுபோல இருந்துவிடுவா. திறந்து கிடந்தால்தான் பிரச்சினை.

"கண்ணும் மூக்கும் வெச்சிக் கீறாத மனே. மறுமையில அதுக்கு உசிர் குடுக்கச் சொல்லிக் கேப்பாங்க."

இரும்புக்கை மாயாவி என்னைக் காப்பாற்றினார். மின்சாரம் பாய்ந்தால் அவருடைய உடம்பு மறைந்துவிடும், இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் நிற்கும். ஆகவே பக்கம் பக்கமாகக் கையை மட்டும் கீறினேன். துப்பாக்கியைப் பிடித்த கை, கதவின் கைபிடியைத் திருகும் கை, பிளக்கில் விரலை வைக்கும் கை. உம்மா கொப்பியைப் புரட்டிப் பார்த்தா. "இது இரும்பு உம்மா, உசிர் இல்ல" என்றேன். கொஞ்சநேரம் யோசித்துவிட்டு, "அப்பிடியெண்டா கீறு" என்றா. ஒரு வருசத்துக்கு மேல் எங்கள் வீட்டில் ஹலாலாக இருந்த கதாநாயகர் அவர் ஒருவர்தான். கை கீறுவது படம் பழகுகிறவனுக்கு ஆகக் கஷ்டமான வேலை என்று பிறகு சித்திர ஆசிரியர் சொன்னபோது எனக்கு அது விளங்கவே இல்லை.

சிரித்திரன் எங்கள் வீட்டுக்குத் தற்செயலாகத்தான் வந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து திரும்பிய மாமா ஒருவர் பஸ்ஸில் வாசித்துவிட்டுக் கொண்டுவந்த பழைய இதழ். சி. சிவஞானசுந்தரம், 'சுந்தர்' என்று கையொப்பமிட்டவர், எழுத்தும் படமுமாக 1960களிலிருந்து நடத்திய பத்திரிகை அது. அவருடைய சவாரித்தம்பரையும் மிஸிஸ் டாமோடிரனையும் பார்த்து வாப்பா விழுந்து விழுந்து சிரித்தார். நான் சிரிக்கவில்லை. நிழல் இல்லை, மயிர்க்கோடு இல்லை, நாலு இழுப்பில் ஒரு ஆள். இதையெல்லாம் யாரும் கீறலாம் என்று ஒதுக்கிவிட்டேன். அந்த நாலு இழுப்பில் ஒரு கிழவர் சால்வையை எப்படிப் போடுவார், படலையை எப்படித் திறப்பார் என்பதெல்லாம் இருந்தது. என் கொப்பிகளிலோ நியூயோர்க்கின் மாடிகள் இருந்தன. உம்மாவின் முக்காடு இல்லை.

பாண்டிருப்புக் கூட்டாளியோடு புத்தகம் மாற்றுவது வழமையாகத் தரவைப் பிள்ளையார் கோயிலடியில். 1985 சித்திரையில் காரைதீவுத் தமிழ்–முஸ்லிம் கலவரத்தோடு அது சில மாதம் நின்றது, பிறகு தொடர்ந்தது. 1990 ஜூனில் யுத்தம் திரும்ப வந்தபோது நின்றது நின்றதுதான். அவனிடம் என்னுடைய புத்தகங்கள் சில இருந்தன, என்னிடம் அவனுடையவை. கொழும்புப் பாதை அடைபட்டது, கடைக் கயிறு வெறுமையாகக் கிடந்தது. பழைய இதழ்கள் கச்சான் சரைகளாகத் திரும்பி வந்தன. சரையை விரித்தால் முகமூடி வீரர் வேதாளர் பாதி முகத்தோடு இருப்பார். அவருக்கு மிச்சக் கதையை நானே கீறினேன். படக்கதை கீற நான் உண்மையில் பழகியது அந்தச் சரைகளில்தான் என்று இப்போது நினைக்கிறேன்.

2004 டிசம்பர் 26, போயா ஞாயிறு. மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது என்று கரையோரத்தை முழுக்கக் கடல் எடுத்தது. கூட்டாளியின் புத்தகங்களும் என் கொப்பிகளும் இருந்த தகரப்பெட்டி போனது. போன உயிர்களுக்கு முன்னால் பெட்டி ஒரு கணக்கே அல்ல, அதைப்பற்றி வீட்டில் நான் வாய் திறந்ததும் இல்லை. பிறகு கிழக்கில் 200 மீட்டருக்குள் வீடு கட்டக்கூடாது என்று அரசு அறிவித்தது. விதியைத் தளர்த்தினாலும் அந்த வரிசை வீடுகள் பழையபடி வரவில்லை. இன்றைக்கு அந்தத் தெருவைக் கீறவேண்டுமென்று உட்கார்ந்தால் கிடுகு வேலியின் கட்டுக்கள் எங்கே எங்கே இருந்தன என்று ஞாபகம் வரமறுக்கிறது. டெக்ஸ் வில்லரின் எஞ்சின் இப்போதும் கண்ணை மூடிக்கொண்டு வரும். வேலிக்குச் சுந்தரிடம்தான் போகிறேன். அது யாழ்ப்பாணத்து வேலி, எங்களுடையது இன்னும் தாழ்வு, அதற்கு மேலால் பக்கத்து வீட்டு ராத்தாவின் முகம் தெரியும். அந்த அளவுக்குக் குறைத்துக்கொள்கிறேன்.

ராத்தாவின் மகன் இப்போது போனில் ஜப்பான் மங்கா வாசிக்கிறான். வலப்பக்கத்திலிருந்து தொடங்கவேண்டிய புத்தகம். எனக்குக் கண் தடுமாறுகிறது, அவனுக்கு இல்லை. ஓதப் பள்ளியில் அலிஃப் தொடங்கிய நாளிலிருந்து அந்தப் பக்கம்தானே பழக்கம். நருட்டோவின் கண்ணை அச்சாகக் கீறுகிறான், என் உம்மா ஒன்றும் சொல்வதில்லை. அவன் கீறும் ஆளின் கை மட்டும் எப்போதும் சட்டைப்பைக்குள் ஒளிந்திருக்கிறது. முதலில் என்ன வாசிக்கட்டும் என்று என்னிடம் கேட்டான். 'நூலகம்' இணையத்தளத்தில் கிடக்கும் பழைய சிரித்திரன் ஒன்றைத் திறந்து கொடுத்தேன். இரண்டு பக்கம் தள்ளிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தான்.

"இதுல சண்ட எங்க மாமா?"