மறையூர் ஏற்றத்தில்

பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சி, உடுமலை, சின்னாறு, மறையூர் வழியாக மூணாற்றுக்குச் செல்லும் சாலை, கேரளத்தினின்று தமிழகம் புகுந்து மீண்டும் கேரளம் சேர்வது. தங்கையின் வளைகாப்புக்காக அன்னையாருடன் நமது பழைய காரில் அவ்வழியே சென்றோம். இரயில்வே குமாஸ்தாவாகிய நாம், மூணாற்றில் 1924-ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அழித்த சிறு இரயில்பாதையின் கதையைச் சொல்லிக்கொண்டே வந்தோம்.

சின்னாற்றுச் சோதனைச்சாவடியைத் தாண்டி ஏற்றத்தில் திரும்புகையில் எண்ணெய் விளக்குச் சிவந்து மின்னியது. இஞ்சினில் கடகடவென்று ஓசை எழுந்தது. உடனே நிறுத்தினோம். அளவுகோலைத் துடைத்து நுழைத்துப் பார்த்தால், எண்ணெய் கீழ்க்கோட்டையும் தொடவில்லை. பெட்ரோல் நிரப்ப மறவாத நாம் எண்ணெயை மறந்திருந்தோம்! ஏற்றத்திலும் வளைவிலும் எஞ்சிய எண்ணெய் ஒருபுறம் ஒதுங்க, பம்பு காற்றை உறிஞ்சுகிறது. உராயும் உலோகங்களிடையே எண்ணெய்ப் படலம் அறுகிறது.

அவ்வழி வந்த ஜீப் ஓட்டுநர் ஒருவர் எண்ணெய் தந்தார். ஊற்றி முடுக்கியதும் விளக்கு அணைந்தது. மேலே கேட்ட ‘டிக் டிக்’ ஒலியும் அடங்கியது. ஆயின் அடியிலிருந்து ‘தொம் தொம்’ என்ற கனத்த ஒலி நீடித்தது.

“மேலே கேட்டது டாப்பெட்; எண்ணெய் ஏறினால் அடங்கும். அடியில் கேட்பது பேரிங். இனி ஓட்டினால் கிராங்க் அச்சே போய்விடும், ஐயா” என்றார் அவர்.

“முகூர்த்தம் தவறுமே, தம்பி, மெல்லப் போகலாகாதா?” என்றார் அன்னையார்.

மனம் தடுமாறிற்று. ஆயினும் காரை ஜீப்பில் கயிறு கட்டி மறையூருக்கு இழுத்துச் சென்று பட்டறையில் விட்டோம். பேரிங்குகளை மாற்றினர், அச்சு பிழைத்தது. முகூர்த்தம் தவறியது, எனினும் அன்னையாருக்கென்று சில வளையல்களை எடுத்துவைத்துக் காத்திருந்தாள் தங்கை.

மலையேறும் அன்பர்களே, புறப்படுமுன் சமதரையில் வண்டியை நிறுத்தி, இஞ்சின் ஆறியபின் எண்ணெய் அளவைப் பாருங்கள்.