இறங்கும்போதும் மேலே தள்ளும் எஞ்சின்

மேட்டுப்பாளையத்தில் காலை 7.10-க்குப் புறப்படும் ஊட்டி ரயிலில் எஞ்சின் கடைசியில் நிற்கிறது. முன்னால் தேடிப் போனவர்கள் செல்போனும் கையுமாகத் திரும்பி ஓடி வருகிறார்கள். மலையில் எஞ்சின் எப்போதும் இறக்கத்துப் பக்கம்தான். இணைப்பு அறுந்தாலும் பெட்டிகள் தனியே உருண்டுவிடக் கூடாதே!

கல்லாறு தாண்டியதும் தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த இரும்புச் சட்டம் தொடங்குகிறது. எஞ்சினின் பல்சக்கரம் அதைக் கவ்வியதும் ஓட்டம் நடையாகிவிடுகிறது. சுமார் 12 அடிக்கு ஓர் அடி ஏற்றம். எஞ்சின் மேல்நோக்கித் தள்ளுகிறது, பெட்டிகளும் மேலே போகின்றன. விசையும் இடப்பெயர்ச்சியும் ஒரே திசையில் இருப்பதால் வேலை நேர்க்குறி. புவியீர்ப்புக்கோ எதிர்க்குறி. மேட்டுப்பாளையம் சுமார் 330 மீட்டர் உயரம், குன்னூர் சுமார் 1,710. 60 கிலோ ஆள் ஒருவர் குன்னூர் போய்ச் சேரும்போது அவர்மீது புவியீர்ப்பு செய்த வேலை ஏறக்குறைய மைனஸ் 8 லட்சம் ஜூல். பெட்டியை ஓட்டத் திசைக்குச் செங்குத்தாகத் தாங்கும் தண்டவாளத்தின் கணக்கில் பூஜ்யம். அத்தனை பாரமும் அதன் தலையில்தான், ஆனால் இயற்பியல் அதற்குக் கூலி கொடுப்பதில்லை.

மறுநாள் இறக்கத்தில் எஞ்சின் முன்னால் போனது. "இப்ப இழுத்துட்டுப் போகுது பாரு" என்று எதிர் இருக்கைக்காரர் மகனுக்குக் காட்டினார். பார்வைக்கு அப்படித்தான். உண்மையில் பெட்டிகள் எஞ்சின்மீது சாய்ந்து வருகின்றன. அது நேற்றுப் போலவே மேல்நோக்கித்தான் தள்ளிக்கொண்டிருக்கிறது. மாறியது பயணத் திசை மட்டும், அதனால் அதே விசையின் வேலை இன்று எதிர்க்குறி. 'எதிர்க்குறி விசை' என்று மாணவர்கள் எழுதுவதைப் பார்த்திருக்கிறேன். குறி விசைக்கு மட்டும் உரியதல்ல. இடப்பெயர்ச்சியையும் சேர்த்துப் பார்த்தால்தான் தெரியும்.

பெட்டியின் முன்மேடையில் கொடியோடு நிற்கும் பிரேக்காளர் கைப்பிடியை இறுக்குகிறார். மேட்டுப்பாளையம் வந்து சேரும்போது புவியீர்ப்பு பிளஸ் 8 லட்சத்தைத் திருப்பித் தந்து கணக்கைப் பூஜ்யமாக்கிவிடும். பிரேக்குக்கு அந்த வசதி இல்லை. ஏறினாலும் இறங்கினாலும் ஓட்டத்துக்கு எதிராகவே அது உராய்வதால் எப்போதும் எதிர்க்குறிதான், எடுத்த ஆற்றலெல்லாம் சூடாகிவிடும். இதே மலையில் ஏறும் பர்லியார் சாலையில் லாரிக்காரர்கள் லோ கியரில் இறங்குவதும் அந்தச் சூட்டுக்குப் பயந்துதான்.