மேலே இருப்பவர்

தமிழில் ‘தம் கட்டுவது’ என்றால் பாதி வீம்பு. கிணற்றில் முங்கி, கடைசியாக யார் எழும்புகிறான் என்று பந்தயம் வைக்கிறவர்களைப் பாருங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு நெஞ்சு வெடிக்கிற வரைக்கும் உள்ளேயே கிடந்து, கண் சிவக்க வெளியே வருகிறவன்தான் கெட்டிக்காரன். ஆனால் இந்தத் ‘தம்’ பாரசீகத்திலிருந்து வந்த சொல். அங்கே அதற்கு மூச்சு என்றுதான் பொருள். நாம் அதை வைத்துக்கொண்டு தம் கட்டுகிறோம், தம் அடிக்கிறோம், பிரியாணிக்குத் தம் போடுகிறோம். துருக்கியில் அதே சொல் ‘தெம்’ ஆகிவிட்டது. தேயிலை சிறுதீயில் மெதுவாக ஊறி நிறம் இறங்குவதை அங்கே அந்தச் சொல்லால்தான் சொல்கிறார்கள்.

துருக்கியின் தென்கரையில் இருக்கும் காஷ் என்ற சிற்றூரில், ஐந்து நாள் ஃப்ரீடைவிங் வகுப்பில் சேர்ந்தபோது எனக்குச் சொல்லிக்கொடுத்ததும் ஏறக்குறைய இந்தச் சிறுதீ சமாச்சாரம்தான். சிலிண்டர் கிடையாது. மேலே ஒரு மூச்சு எடுத்து, அதை வைத்தே கீழே போய்த் திரும்ப வேண்டும். காஷ் அதற்குத் தோதான ஊர். டாரஸ் மலை நேராகக் கடலுக்குள் இறங்குவதால் கரையை விட்டு அதிகம் போகாமலேயே ஆழம் கிடைக்கிறது. தண்ணீர் கண்ணாடி. எதிரே கூப்பிடு தூரம் போலத் தெரிகிற மெய்ஸ் தீவு கிரேக்க நாட்டைச் சேர்ந்தது.

முதல் நாள் எங்களைக் கடலில் இறக்கவே இல்லை. பாய் விரித்துப் படுக்க வைத்தார் பயிற்சியாளர். அங்கே ஆசிரியரை ‘ஹோஜாம்’ என்று கூப்பிடுகிறார்கள், நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். அவர் முதலில் சொன்ன விஷயமே என்னை நிமிர வைத்தது. மூச்சு முட்டுவது ஆக்ஸிஜன் தீர்ந்துபோவதால் அல்ல. ரத்தத்தில் கார்பன் டை ஆக்ஸைடு ஏறுவதால்தான் உடம்பு மணி அடிக்கிறது. வயிற்றுக்கு மேலே உதரவிதானம் விக்கல் மாதிரி துடிக்க ஆரம்பிக்கும். மணி அடிக்கிற நேரத்தில் பெரும்பாலும் இன்னும் கொஞ்சம் ஆக்ஸிஜன் மிச்சம் இருக்கும்.

கிணற்று வீரர்கள் முங்குவதற்கு முன்னால் புஸ்ஸு புஸ்ஸென்று வேகமாக மூச்சு வாங்குவார்களே, அது இந்த மணியைக் கழற்றி வைப்பதற்குச் சமம். அதனால் ஆக்ஸிஜன் பெரிதாகக் கூடுவதில்லை. கார்பன் டை ஆக்ஸைடு மட்டும் குறைந்துபோகிறது. முட்டலே வராமல், எச்சரிக்கையே இல்லாமல், நினைவு போய்விடும். நம்மூர்க் கிணறுகளிலும் கல்குவாரிக் குட்டைகளிலும் நன்றாக நீச்சல் தெரிந்த பையன்கள்கூட எப்படிப் போகிறார்கள் என்பதற்கு இதுவும் ஒரு விடை.

இரண்டாம் நாள் முழுக்கக் காதுதான். 10 மீட்டரில் அழுத்தம் இரண்டு மடங்கு, நுரையீரல் பாதி. 20 மீட்டரில் மூன்று மடங்கு, நுரையீரல் மூன்றில் ஒரு பங்கு. காதுக்குப் பின்னால் காற்றைத் தள்ளிக்கொண்டே போகாவிட்டால் இரண்டு மூன்று மீட்டரிலேயே வலி குத்தும். மூக்கைப் பிடித்து, குரல்வளையை மூடி, நாக்கை மட்டும் பிஸ்டன் மாதிரி மேலே அழுத்த வேண்டும். இறுக்கினால் திறக்காது. “தள்ளாதீங்க, விடுங்க” என்று ஹோஜாம் ஒரு நாளில் எத்தனை முறை சொன்னார் என்று எண்ணவில்லை.

மிதவையிலிருந்து ஒரு கயிறு நேராகக் கீழே போகும். அதன் நுனியில் எடைக்கட்டி. அதைப் பார்க்காமல், கயிற்றை மட்டும் பார்த்தபடி தலைகீழாக இறங்க வேண்டும். முகத்தில் குளிர்ந்த நீர் பட்டதும் இதயத் துடிப்பு குறைகிறது, கை கால்களின் ரத்தம் நெஞ்சுப் பக்கம் நகர்கிறது. சீலுக்கும் திமிங்கலத்துக்கும் இருக்கும் அதே ஏற்பாடு நமக்குள்ளும் மிச்சம் இருக்கிறது. சுமார் 10 மீட்டர் வரை கடல் நம்மை மேலே தள்ளுகிறது. அதைத் தாண்டியதும் உள்ளே இழுக்க ஆரம்பிக்கிறது. காலை ஆட்டுவதை நிறுத்திவிட்டால் போதும், விழுந்துகொண்டே இருக்கலாம். அந்தச் சில நொடிகளுக்காகத்தான் ஆட்கள் திரும்பத் திரும்ப வருகிறார்கள்.

இங்கே எல்லாமே ஜோடி ஜோடியாகத்தான். ஒருவர் கீழே போனால் ஒருவர் மேலே. என் ஜோடி இஸ்மிர் நகரத்துப் பல் மருத்துவர், ஐம்பதைத் தாண்டியவர். நான் அவரை ‘ஆபி’ என்று கூப்பிட்டேன், அண்ணன் என்று அர்த்தம். நான்காம் நாள் 16 மீட்டர். அவர் போனார். நான் மேலே முகத்தை நீருக்குள் வைத்துக் கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் திரும்ப வேண்டிய நேரத்தில் திரும்பவில்லை. கீழே கயிற்றைப் பிடித்தபடி அப்படியே நின்றார். பிறகு கிளம்பினார். விதிப்படி நான் பாதி வழி இறங்கி, முகத்துக்கு முகம் பார்த்தபடி அவரோடு ஏறினேன். கண் தெளிவாக இருந்தது. மேலே வந்து மிதவையைப் பிடித்தார், மூச்சை விட்டார். உதடு நீலம். தலை மேலும் கீழும் ஆட ஆரம்பித்தது, கை நடுங்கி மிதவையிலிருந்து நழுவியது.

இதற்கு இந்த உலகத்தில் ‘சாம்பா’ என்று பெயர், நடனத்தின் பெயர்தான். முழு மயக்கத்துக்கு ஒரு படி முன்னால். கடைசி 10 மீட்டரில் அழுத்தம் சட்டென்று குறையும்போது மிச்சமிருக்கும் ஆக்ஸிஜனின் அழுத்தமும் விழுந்துவிடும். அதனால்தான் ஆபத்து ஆழத்தில் இருப்பதைவிட, மேலே வந்தாயிற்று என்று நினைக்கும் இடத்தில் அதிகம். நான் அவர் அக்குளுக்குள் கையைக் கொடுத்து, தாடையைத் தண்ணீருக்கு மேலே தூக்கிப் பிடித்தேன். முகமூடியைக் கழற்றினேன். “நெஃபெஸ், ஆபி! நெஃபெஸ்!” மூச்சு என்பதற்கு அவர்கள் பேச்சில் அதுதான் சொல். ஹோஜாம் பக்கத்தில் வந்து சேர்வதற்குள் அவர் இழுத்து ஒரு மூச்சு வாங்கினார். நாலைந்து நொடிதான் இருக்கும். “கீழ ரொம்ப அமைதியா இருந்துச்சு” என்றார், மன்னிப்புக் கேட்கிற குரலில். அன்றைக்கு அதற்கு மேல் அவரை நீரில் இறக்கவில்லை.

இந்தக் கடலுக்கு முங்குகிறவர்கள் புதிதில்லை. காஷுக்குத் தென்கிழக்கே உலுபுருன் முனையில், வெண்கலக் காலத்துக் கப்பல் ஒன்று கிடப்பதை 1982இல் முதலில் சொன்னவர் ஒரு கடற்பஞ்சுக்காரர். காது வைத்த பிஸ்கட் மாதிரி உலோகத் துண்டுகளைப் பார்த்தேன் என்றார். அவை செம்புப் பாளங்கள், சுமார் 10 டன். 1913இல் சிமி தீவைச் சேர்ந்த ஸ்டாதிஸ் ஹாட்ஸிஸ் என்ற கடற்பஞ்சுக்காரர், இத்தாலியப் போர்க்கப்பல் ஒன்றின் நங்கூரத்தைத் தேடி ஒரே மூச்சில் 70 மீட்டருக்கும் கீழே போனார். காதும் நுரையீரலும் கெட்டுப்போயிருந்த மனிதர். கையில் ஒரு தட்டைக் கல், அதில் கட்டிய கயிறு, கயிற்றின் மறுமுனையில் படகில் ஓர் ஆள். கிரேக்கத் தீவுகளில் முறை அதுதான்.

மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்தவர்களும் கல்லைக் கட்டித்தான் இறங்கினார்கள், கயிற்றைப் பிடிக்க மேலே ஓர் ஆள் இருந்தார். அந்த ஆள் மச்சானாகத்தான் இருப்பான் என்று நாம் கேள்விப்பட்டிருக்கிறோம். தங்கை தாலியை நினைத்தாவது கயிற்றை விடமாட்டான் இல்லையா. இதை இத்தனை நாள் ஒரு சுவாரசியமான கதையாகவே சொல்லிக்கொண்டிருந்தோம். உண்மையில் அது ஒரு பாதுகாப்பு விதி.

இந்த விதி பெரிய ஆட்களுக்கும் சேர்த்துத்தான். ரஷ்யாவின் நதாலியா மோல்சனோவா, மாறா எடைப் பிரிவில் 100 மீட்டரைத் தாண்டிய முதல் பெண். அசையாமல் 9 நிமிடம் 2 நொடி மூச்சடக்கியவர். 2015 ஆகஸ்ட் 2 அன்று இதே மத்தியதரைக் கடலில், ஸ்பெயினின் ஃபோர்மெந்தேரா தீவருகே, சிலருக்குக் கற்றுக்கொடுக்கப் போன இடத்தில் தானும் இறங்கினார். மேலே வரவில்லை. உடலும் கிடைக்கவில்லை. அவர் திறமைக்கு அது சாதாரண ஆழம்.

ஐந்தாம் நாள் காலை ஹோஜாம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “இன்னைக்கும் அவர்தான் உங்களுக்கு மேல இருப்பார். சம்மதமா? இல்லன்னா நான் இருக்கேன்.” நேற்று என் கையில் தலை ஆடிக்கொண்டிருந்த மனிதர். அவரைப் பார்த்தேன். மிதவைக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார், போட்ட முடிச்சை இரண்டு முறை இழுத்துப் பார்த்தார். சம்மதம் என்றேன். இரவெல்லாம் யோசித்துச் சொன்ன பதில் இல்லை. நீருக்கடியில் என்ன நடக்கும் என்று எங்கள் எல்லோரையும்விட அவருக்கு இப்போது நன்றாகத் தெரியும் என்று தோன்றியது.

16 மீட்டரில் எடைக்கட்டியைத் தொட்டுத் திரும்பினேன். வயிறு துடிக்க ஆரம்பித்தது, கயிறு நீண்டுகொண்டே போனது. எட்டு மீட்டர் வாக்கில் முகமூடிக்குள் இரண்டு கண்கள் எனக்காகக் காத்திருந்தன. அதற்கப்புறம் கயிற்றைப் பார்க்கத் தோன்றவில்லை. மேலே வந்து மூச்சு வாங்கி, நன்றாக இருக்கிறேன் என்று விரலைக் காட்டினேன். வெளியே வந்த பிறகும் 30 நொடி கண்ணை எடுக்கக் கூடாது என்பது விதி. அவர் துருக்கியில் வாய்க்குள்ளேயே எண்ணிக்கொண்டிருந்தார். முப்பது முடிந்த பிறகுதான் சிரித்தார்.