தோட்டத்தில் ஒரு மூலை

ஆண்டை ஆறு பருவங்களாகப் பகுத்த நம் முன்னோர், சித்திரையையும் வைகாசியையும் இளவேனில் என்றனர். மேனாடுகளில் பனி உருகிய பின் மலர்கள் தோன்றும்; நம் நாட்டிலோ வெயில் ஏற ஏற மரங்கள் பூக்கின்றன. தவக்காலத்தின் ஊதா நீங்கி, ஆலயப் பீடம் வெண்மை அணிவதும் இந்நாள்களை ஒட்டியே.

அத்தகைய ஒரு காலையில், வளையமாதேவியில் என் பெரியம்மா வீட்டுக் கொல்லையைக் காணும் பேறு பெற்றேன். நெய்வேலிச் சுரங்கங்களுக்குத் தெற்கே, சேத்தியாத்தோப்பை அடுத்துள்ள நெல் விளையும் ஊர் அது. “நின்று பாரப்பா, நடந்துகொண்டே பார்த்தால் பச்சை மட்டுந்தான் தெரியும்” என்றார் பெரியம்மா. நின்றேன்.

வேம்பின் அடியில் பழைய சேலையொன்று விரிக்கப்பட்டிருந்தது. ரசத்துக்கும் பச்சடிக்கும் உலர்த்தி வைக்க, உதிரும் பூவைச் சேர்க்கும் ஏற்பாடு. ஒரு பூவைக் கையில் எடுத்தால் ஐந்தே வெள்ளை இதழ்கள். அரிசியை விடச் சற்றே பெரியது. கசக்கும் மரத்தில் தேன் மணம்! வேலியோரப் புங்கமரம் வெண்மையும் இளம் ஊதாவும் கலந்த பூக்களை மண்மீது பாய்போல் விரித்திருந்தது. பூசணிக்கொடியின் மஞ்சள் மலர் காலையில் விரிந்து நண்பகலுக்குள் வாடிவிடும். பெண் மலராயின் அதன் அடியில் சிறு காய் முன்னரே உருண்டிருக்கும்.

கத்தரிப்பூவே என்னை நெடுநேரம் நிறுத்தியது. ஊதா இதழ்கள்; நடுவே மஞ்சள் கூம்பு; முகமோ நிலம் நோக்கி. அதன் மகரந்தம் நுண்ணிய துளைகளுக்குள் அடைபட்டிருக்கிறது. கருவண்டு பூவைப் பற்றிக்கொண்டு உடலை அதிரச் செய்து ரீங்காரமிட, பொடி உதிர்கிறது. எத்தனை ஆண்டுகளாகக் கத்தரிக்காய் உண்டு வருகிறோம்! இந்தப் பூவை எத்தனை பேர் குனிந்து பார்த்திருப்போம்?

மலைப்பொழிவில் ஆண்டவர் காட்டு மலர்களைக் கவனிக்கச் சொன்னார். சாலமோனின் உடையையும் விட அவை அழகுடையவை என்றார். உயிர்த்த ஆண்டவரை மகதலா மரியாள் முதலில் தோட்டக்காரர் என்றே எண்ணினார் என்று அருளப்பர் நற்செய்தி கூறுகிறது. அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ், மடத்துத் தோட்டத்தில் ஒரு பகுதியைப் பயிரிடாமல் காட்டுப்பூக்களுக்கு விட்டுவிடுமாறு வேண்டினார். இதனைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2015ஆம் ஆண்டு வெளியிட்ட ‘லவுதாத்தோ சீ’ சுற்றுமடலில் நினைவுகூர்ந்தார். பயன் கருதாது பார்ப்பதற்கென்று ஓர் இடம். அதுவும் ஒரு செபக்கூடமே.

வளையமாதேவியில் இவ்வாறு பார்ப்பதற்குத் தனிப் பொருள் உண்டு. 2023 ஜூலை 26 அன்று, பரவனாற்றின் மாற்றுக் கால்வாயைத் தோண்ட, இவ்வூரில் கதிர் நோக்கி வளர்ந்துகொண்டிருந்த நெற்பயிரின்மீது இயந்திரங்கள் ஏறின. நிலம் பல ஆண்டுகளுக்கு முன்பே கையகப்படுத்தப்பட்டது என்றது சுரங்க நிறுவனம். நின்ற பயிரை அழிக்கலாமா என்று கேட்டனர் உழவர்கள். அழிந்த பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் வழங்குமாறு சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. 1956இல் நிறுவப்பட்ட அந்நிறுவனத்தின் மின்சாரம் நம் இல்லங்களிலும் ஆலயங்களிலும் ஒளி தருகிறது என்பதை மறுப்பதற்கில்லை. ஆதலின் இவ்வழக்கில் நாம் வெறும் பார்வையாளர் அல்லர், அவ்வொளியில் அமர்ந்திருப்பவர்கள்.

ஏக்கருக்கு விலை கூறலாம், அளவுகோலும் உண்டு. ஆயின் எந்தப் பத்திரத்திலும் கத்தரிப்பூவின் மஞ்சள் கூம்பு எழுதப்படுவதில்லை. கண்ணால் கண்டு அறிந்தவனே அதற்குச் சாட்சி. ஒரு செடியை நின்று பார்த்தவன், அது நின்ற மண்ணை ‘வெறும் நிலம்’ என்று எளிதில் சொல்ல மாட்டான்.

பெற்றோரே, இவ்வேனிலில் உங்கள் பிள்ளைகளை ஒருநாள் காலையில் தோட்டத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். தோட்டம் இல்லையெனில் ஆலய வளாகத்து வேம்பு போதும். பறிக்கச் சொல்லாதீர்கள், இதழ்களை எண்ணச் சொல்லுங்கள். இரவுச் செபத்தில், அன்று கண்ட ஒரு பூவின் பெயரைச் சொல்லி இறைவனுக்கு நன்றி கூறட்டும். இடமுள்ளவர்கள், புனித பிரான்சிஸின் விருப்பப்படி, ஒரு மூலையைத் தும்பைக்கும் நெருஞ்சிக்கும் விட்டுவையுங்கள். அங்கே என்ன பூக்கும் என்பதைப் படைத்தவர் முடிவு செய்யட்டும்.